பனியனில் ஒரு முகம், திரையில் ஒரு மனிதன்

'படம்' என்ற சொல்லுக்குத் தமிழில் மூன்று பொருள்கள் உண்டு. துணி என்பது அவற்றுள் மூத்தது. மயிலுக்குக் குளிரும் என்று இரங்கி வையாவிக் கோப்பெரும் பேகன் போர்த்திய 'படாஅம்' இந்தச் சொல்லின் நெருங்கிய உறவு. துணியில் தீட்டிய சித்திரத்தையும் அதே சொல் குறிக்கலாயிற்று. இருபதாம் நூற்றாண்டில், வெள்ளைத் துணியைக் கட்டி அதன்மேல் ஒளியைப் பாய்ச்சிக் காட்டிய சலனக் காட்சியும் படம் என்றே பெயர் பெற்றது.

பேகன் ஆண்ட பொதினி இன்றைய பழனி. அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கொமரலிங்கத்தில், அமராவதி நீர் பாயும் நெல்வயல்களுக்கு நடுவே, சொல்லின் முதல் இரண்டு பொருள்களும் ஒட்டிக்கொண்டு நடமாடுவதை இன்று காணலாம். சடைமுடி, சிரிப்பு, பின்னணியில் சிவப்பு மஞ்சள் பச்சைப் பட்டைகள்: பாப் மார்லியின் முகம் அச்சிட்ட பனியன். பனியன் கம்பெனிகளை நம்பி வாழும் மாவட்டத்தில் பனியனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அணிந்திருக்கும் இளைஞரிடம் அவர் யார் என்று கேட்டால், "யாரோ வெளிநாட்டுப் பாட்டுக்காரர்ங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. துணி இருக்கிறது, சித்திரம் இருக்கிறது, வரலாறு இல்லை.

மக்களுக்காகப் பாடிய கலைஞன் இறந்தபின் அவனை மறக்கடிக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அவன் பெயரைச் சொல்லாமல் விடுவது. மற்றொன்று, அவன் முகத்தை எங்கும் நிறைத்துவிட்டு அவன் சொன்னதை விட்டுவிடுவது. இரண்டாவது வழி மரியாதையின் வடிவில் வருவதால் அதை எதிர்ப்பது கடினம். இந்த மறதிக்கு மாற்றாக மக்கள் கண்டுகொண்ட எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. அந்தக் கலைஞனைப் பற்றிய ஆவணப்படத்தைப் பலர் கூடியிருந்து பார்ப்பதும், விளக்குப் போட்ட பிறகு கலையாமல் இருந்து பேசுவதும்தான் அது. இவ்வளவு எளிய செயலுக்கு ஏன் சில இடங்களில் அனுமதி மறுக்கப்படுகிறது, ஏன் சில இடங்களில் அடி விழுகிறது என்பதே இக்கட்டுரை ஆராய விரும்பும் கேள்வி.

* * *

ரெகே இசையின் பிறப்பைப் புரிந்துகொள்ள நம் ஊர்த் திருவிழாவின் மைக் செட்டை நினைத்துக்கொள்வது உதவும். 1940களின் இறுதியிலும் 1950களிலும் ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனின் ஏழை மக்களால் இசைத்தட்டுகளை விலைக்கு வாங்க முடியவில்லை. அந்நிலையில் சிலர் பெரிய ஒலிபெருக்கிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருமுனைகளுக்குச் சென்றார்கள். காலி மனைகளிலும் முற்றங்களிலும் இசைத்தட்டுகள் ஒலிக்க, தெருவே கூடி ஆடியது. 'சவுண்ட் சிஸ்டம்' என்று அதற்குப் பெயர். கோயில் கம்பத்தில் கூம்பு ஒலிபெருக்கி கட்டி ஊருக்கே பாட்டுப் போட்ட நம் மைக் செட்காரர்களின் ஜமைக்கச் சகோதரர்கள் அவர்கள். ஒரு வேற்றுமை உண்டு. அங்கே ஒலிபெருக்கி வைத்திருந்தவர்களே பின்னர் ஒலிப்பதிவுக் கூடங்களை நிறுவி, உள்ளூர்க் குரல்களைப் பதிவுசெய்தார்கள். கேட்ட தெருவே பாடத் தொடங்கியது.

1962இல் ஜமைக்கா விடுதலை பெற்றது. விடுதலையின் பயன் தங்கள் குடிசைக்கு வந்துசேரவில்லை என்ற கசப்பு நகரச் சேரிகளில் வளர்ந்தது. அந்தக் கசப்புக்கு ரஸ்தஃபாரி இயக்கம் ஒரு சமயமொழியைத் தந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் தங்கள் வேரைத் தேடிய இயக்கம் அது. அவர்களது வழிபாட்டுக் கூடுகையில் மூன்று வகை முரசுகள் இதயத் துடிப்பைப் போல ஒலித்தன. அந்தத் துடிப்பும் தெருவின் நடன இசையும் கலந்து உருவான புதிய இசைக்கு 1968இல், டூட்ஸ் அண்ட் த மேட்டல்ஸ் குழுவின் பாடல் ஒன்றின் தலைப்பு வழியாக, 'ரெகே' என்ற பெயர் நிலைத்தது.

அதே 1968ஆம் ஆண்டில் கிங்ஸ்டனில் இன்னொன்றும் நடந்தது. கல்லூரி ஆசிரியர் என்ற முறையில் எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. கயானா நாட்டில் பிறந்து, லண்டனில் முனைவர் பட்டம் பெற்ற வால்டர் ரோட்னி என்ற இருபத்தாறு வயது வரலாற்று ஆசிரியர் அவ்வாண்டு மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் மோனா வளாகத்தில் ஆப்பிரிக்க வரலாறு கற்பித்துவந்தார். வகுப்பறையோடு அவர் நிற்கவில்லை. சேரிகளுக்குச் சென்று, ரஸ்தஃபாரி மக்களோடு தரையில் அமர்ந்து, ஆப்பிரிக்க வரலாற்றைப் பேசினார். அவர்கள் பேசியதைக் கேட்டார். அவ்வாண்டு அக்டோபர் 15ஆம் நாள், கனடாவில் ஒரு கருத்தரங்கு முடிந்து திரும்பிய அவரை ஜமைக்க அரசு மீண்டும் நாட்டுக்குள் நுழைய விடவில்லை. மறுநாள் மாணவர்கள் ஊர்வலம் சென்றனர். நகர ஏழைகளும் தெருவில் இறங்க, அது பெருங்கலவரமாயிற்று. தம் உரைகளை 1969இல் அவர் நூலாக்கியபோது, சகோதரர்களுடன் தரையமர்ந்து பேசுதல் என்று பொருள்படும் தலைப்பையே அதற்கு வைத்தார்.

பல்கலைக்கழகத்துக்குள் ரோட்னி பேசியபோது அரசு பொறுத்துக்கொண்டது. அதே வரலாற்றை அவர் சேரியின் தரையில் அமர்ந்து பேசியபோது பொறுக்கவில்லை. அறிவும் தெருவும் தனித்தனியே இருக்கும்வரை இரண்டாலும் யாருக்கும் தொல்லையில்லை; அவை ஒரே இடத்தில் உட்காரும்போதுதான் ஆட்சியாளர்களுக்கு அச்சம் வருகிறது.

* * *

பாப் மார்லி இந்தத் தெருவிலிருந்து வந்தவர். 1945இல் நைன் மைல் என்ற மலைக்கிராமத்தில் பிறந்து, கிங்ஸ்டனின் டிரெஞ்ச் டவுன் சேரியில் வளர்ந்தார். பீட்டர் டாஷ், பன்னி வெய்லர் ஆகியோருடன் 1963இல் 'வெய்லர்ஸ்' குழுவைத் தொடங்கினார். 1970களில் ஜமைக்காவின் இரு பெரும் கட்சிகளும் சேரிகளைப் பிரித்துக்கொண்டு ஆயுதக் கும்பல்களை வளர்த்தன. 1976 டிசம்பர் 3 அன்று மார்லியின் வீட்டுக்குள் நுழைந்தவர்கள் அவரையும் அவருடைய மனைவி ரீட்டாவையும் மேலாளரையும் சுட்டனர். இரண்டு நாட்கள் கழித்து, காயத்துடனேயே அவர் திட்டமிட்டபடி பொதுமேடை ஏறிப் பாடினார். 1978 ஏப்ரல் 22 அன்று நடந்த சமாதான இசை நிகழ்ச்சியில், பிரதமர் மைக்கேல் மேன்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவையும் மேடைக்கு அழைத்து இருவர் கைகளையும் தம் தலைக்குமேல் சேர்த்துப் பிடித்தார்.

1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே விடுதலை பெற்ற இரவில் நடந்ததை இவற்றைவிட முக்கியமானதாகக் கருதுகிறேன். ஹராரேயின் ரூஃபாரோ அரங்கில் பிரமுகர்களும் அழைப்பாளர்களும் உள்ளே இருந்தார்கள். விடுதலைக்காகப் போராடிய எளிய மக்கள் வாயிலுக்கு வெளியே நின்றார்கள். பாட்டைக் கேட்டு அவர்கள் உள்ளே நெருக்க, காவலர்கள் கண்ணீர்ப்புகை வீசினார்கள். புகை அடங்கியபின் மார்லி மீண்டும் பாடினார். மறுநாள் பொதுமக்களுக்காக இன்னொரு முறையும் பாடினார். யாருக்காகப் பாட்டோ அவர்கள் வாயிலுக்கு வெளியே நிற்கிறார்கள் என்பது ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரிய காட்சியன்று.

1981 மே 11 அன்று, 36ஆம் வயதில், புற்றுநோயால் மார்லி இறந்தார். மூன்றாண்டுகள் கழித்து வெளிவந்த 'லெஜண்ட்' என்ற தொகுப்பு அவரை உலகின் ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுசென்றது. அதில் காதலும் இணக்கமும் பேசும் பாடல்கள் முன்னே நின்றன. சினமும் போராட்டமும் பேசும் பாடல்கள் பெரும்பாலும் ஒதுங்கின. விற்பனைக்கு ஏற்றபடி இவ்வாறு தெரிவுசெய்யப்பட்டது வெளிப்படையாகவே பேசப்பட்ட செய்தி. பனியனுக்கு வந்து சேர்ந்தது அந்த மார்லியின் முகம்.

கெவின் மெக்டொனால்ட் இயக்கிய 'மார்லி' என்ற ஆவணப்படம் 2012இல் வெளிவந்தது. இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான அப்படம் மார்லியின் வீட்டில் தொடங்கவில்லை. ஆப்பிரிக்காவின் கானா கடற்கரையில், அடிமைகளைக் கப்பலேற்றிய கோட்டையின் வாயிலில் தொடங்குகிறது. ஒருவனைப் பற்றிப் பேச எத்தனை தலைமுறை பின்னோக்கிச் செல்லவேண்டும் என்பதற்கு அந்தத் தொடக்கமே விடை. பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட அந்தப் படம், அதே ஆண்டு ஏப்ரலில், கிங்ஸ்டனின் விடுதலைப் பூங்காவில் திறந்தவெளியில் மக்களுக்குக் காட்டப்பட்டது. சவுண்ட் சிஸ்டம் பிறந்த ஊரில், மீண்டும் வானத்தின் கீழே, கூட்டத்தின் நடுவே அவர் குரல் ஒலித்தது.

* * *

ஏறத்தாழ அதே வேளையில் நம் நாட்டிலும் ஒரு பாடகனைப் பற்றிய ஆவணப்படம் மக்களைத் தேடிச் சென்றது. ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' அது. 2021இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விலாஸ் கோக்ரே மும்பைச் சேரியில் வாழ்ந்த தலித் பாடகர். இடதுசாரிக் கலைக்குழுவில் பாடியவர். குடிசைகள் இடிக்கப்படுவதைப் பற்றி பட்வர்தன் 1985இல் எடுத்த 'ஹமாரா ஷஹர்' படத்தில் அவர் குரல் ஒலிக்கிறது. 1997 ஜூலை 11 அன்று, மும்பை காட்கோபரில் உள்ள ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்புமாலை போடப்பட்டிருந்ததைக் கண்டு மக்கள் திரண்டபோது, சிறப்புக் காவல்படை சுட்டதில் பத்துப் பேர் இறந்தனர். கோக்ரே அங்கே சென்று பார்த்தார். சில நாட்களில் தம் குடிசையில் தூக்கிட்டு இறந்தார். தலையில் நீலத்துணி கட்டியிருந்தார். அம்பேத்கரிய ஒற்றுமை வாழ்க என்ற பொருளில் எழுதிவைத்திருந்தார். சிவப்புக் கொடியின் கீழ் பாடிய ஒருவர் ஏன் நீலத்துணியோடு இறந்தார் என்ற கேள்வியைப் பின்தொடர்ந்து பட்வர்தன் பதினான்கு ஆண்டுகள் படமெடுத்தார்.

படம் முடிந்ததும் 2012 ஜனவரியில் மும்பை பைகுலாவின் தொழிலாளர் குடியிருப்பில் திரையிடப்பட்டது. எவருடைய பாட்டோ அவர்கள் முதலில் பார்க்கட்டும் என்ற முறைமை அது. பின்னர்க் குடியிருப்புகளிலும் கல்வி நிறுவனங்களிலும் அது காட்டப்பட்டது. 2013 ஆகஸ்ட் 20 அன்று பகுத்தறிவாளர் நரேந்திர தபோல்கர் புனேயில் சுட்டுக்கொல்லப்பட்டார். மறுநாள் அதே நகரில், திரைப்பட - தொலைக்காட்சிக் கல்லூரி மாணவர்கள் இப்படத்தைத் திரையிட்டு, படத்தில் இடம்பெறும் கபீர் கலா மஞ்ச் குழுவினரைப் பாடவும் அழைத்தனர். நிகழ்ச்சி முடிந்தபின் எதிர்த்தரப்பு மாணவர் அமைப்பு ஒன்றைச் சேர்ந்தவர்கள் புகுந்து தாக்கியதில் மாணவர்கள் காயமுற்றனர்.

இங்கே ஒன்றைக் கருதிப் பார்க்கலாம். படம் தணிக்கைச் சான்றிதழ் பெற்றது. வட்டாக விற்பனையிலும் இருந்தது. தனியே வீட்டில் பார்த்தவர்கள்மீது யாரும் கைவைக்கவில்லை. மாணவர்களும் பாடகர்களும் ஓரிடத்தில் கூடியபோதுதான் வன்முறை வந்தது. கிங்ஸ்டனில் ரோட்னிக்கு நேர்ந்ததற்கும் புனேயில் மாணவர்களுக்கு நேர்ந்ததற்கும் நாற்பத்தைந்து ஆண்டு இடைவெளி. ஒன்று அரசின் ஆணை, மற்றொன்று கும்பலின் கை. ஆனால் குறி ஒன்றுதான்: கூடியிருத்தல்.

* * *

இந்தக் கூடியிருத்தல் நம் பக்கத்துக்குப் புதிதன்று. 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாமைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அவரும் நண்பர்களும் 1984இல் கேரளத்தில் தொடங்கிய 'ஒடேசா' இயக்கம் ஊர் ஊராகச் சென்று சாப்ளின் படத்தைத் திரையிட்டு, மக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டிய பணத்தில் 'அம்ம அறியான்' (1986) படத்தை எடுத்தது. தற்கொலை செய்துகொண்ட ஓர் இளம் தாளக் கலைஞனின் மரணச் செய்தியை அவன் தாயிடம் சொல்ல நண்பர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்து நடக்கும் கதை அது. கோக்ரேயின் மரணத்துக்குப் பத்தாண்டு முன்பே எழுதப்பட்ட முன்னுரை போல அப்படம் இன்று தோன்றுகிறது.

கொமரலிங்கத்துக்குக் கிழக்கே, பழனியைக் கடந்தால் திண்டுக்கல். அங்கே சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு தலித் இளம்பெண்களுக்குப் பறை கற்பித்துவருகிறது. சாவுக்கு மட்டும் அடிக்கவேண்டும், குறிப்பிட்ட சாதியார் மட்டுமே அடிக்கவேண்டும், அதிலும் ஆண்களே அடிக்கவேண்டும் என்றிருந்த கருவியைப் பெண்கள் கையிலெடுத்தது தமிழ் இசை வரலாற்றில் பெரிய நிகழ்வு. அமெரிக்க இசையியலாளர் ஜோயி ஷெரினியன் பறையைப் பற்றி 2011இல் ஒரு படமும், இக்குழுவைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற படத்தை 2018இலும் எடுத்தார். தோலைத் தீயில் காய்ச்சிச் சுருதி கூட்டும் அந்தக் கைகளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பார்த்திருக்கின்றன. அடுத்த மாவட்டத்துக் கல்லூரிகளுக்கு அவர்கள் ஆண்டுவிழாவின் தொடக்கத்தில் பத்து நிமிடம் அடித்துவிட்டுப் போகிறவர்களாகவே இன்னும் பெரும்பாலும் தெரிகிறார்கள். வரவேற்புக்கு அடிக்க அழைக்கிறோம், பேச அழைப்பதில்லை.

பாடுகிறவனைச் சிறையிலிடுவதும் இங்கே நடந்ததுதான். மதுக்கடைகளுக்கு எதிரான பாடல்களுக்காக 2015 அக்டோபர் இறுதியில் மக்கள் பாடகர் கோவன் தேசத்துரோக வழக்கில் கைது செய்யப்பட்டார். கையால் மலம் அள்ளுவோரைப் பற்றி திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் திரையிடலுக்குப் பல ஊர்களில் காவல்துறை தடை விதித்தது. இணையத்தில் அதைப் பல இலட்சம் பேர் தனித்தனியே பார்த்தார்கள். ஒரு மண்டபத்தில் நூறு பேர் சேர்ந்து பார்ப்பதைத்தான் தடுக்கவேண்டியிருந்தது.

இனி நம் ஊருக்கே வருவோம். மார்லி இறந்த பன்னிரண்டாம் நாள், 1981 மே 23 அன்று, உடுமலை நாராயணகவி இறந்தார். 1899இல் உடுமலை வட்டாரத்துப் பூளவாடியில் பிறந்தவர். நாடக மேடையில் தேச விடுதலையைப் பாடியவர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து சிரிப்பின் வழியே பகுத்தறிவைப் பட்டிதொட்டிகளுக்குக் கொண்டுசென்றவர். 'வேலைக்காரி' (1949), 'பராசக்தி' (1952) போன்ற படங்களுக்குப் பாட்டெழுதியவர். எங்கள் பக்கத்து மைக் செட்கள் ஒரு தலைமுறைக் காலம் அவர் சொற்களால் நிறைந்திருந்தன. இருவரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை. காலமும் களமும் இசையும் வேறு. ஆனால் சாமானியன் முணுமுணுக்கும் பாட்டில் அவன் நிலையைப் பற்றிய கேள்வியை வைக்கலாம் என்று நம்பியதில் இருவரும் ஒன்றே. உடுமலையில் நாராயணகவிக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2008இல் அஞ்சல்தலையும் வெளிவந்தது. அவர் பாடல்களைக் கூடியிருந்து கேட்டு, ஏன் எழுதினார், யாரை நோக்கி எழுதினார் என்று பேசும் மாலைப்பொழுதுகள் எத்தனை இருக்கின்றன? நாமும் நம் கவிஞரைப் படமாக்கி மாட்டிவிட்டோம்.

* * *

கல்லூரிகள் இதில் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பன அல்ல. ஒரு ஒளிவீழ்த்தி, ஒரு வெள்ளை வேட்டி, கேட்கத்தக்க ஒலிபெருக்கி போதும். எங்கே திரையிடுகிறோம், யாரை அழைக்கிறோம் என்பவையே தலையாயவை. கல்லூரியின் குளிரூட்டிய கருத்தரங்க அறையில், பணிநாளின் முற்பகலில் காட்டப்படும் படத்துக்குப் பனியன் கம்பெனித் தொழிலாளி வர இயலாது. ஷிப்ட் முடிந்த ஞாயிறு மாலையில், அவர் குடியிருக்கும் பகுதியின் திறந்தவெளியில் திரை கட்டினால் வருவார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்களும் வருவார்கள். ஊரைவிட்டு வந்தவர்களின் இசை ரெகே. அதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு நம்மைவிடக் குறைவான விளக்கமே தேவைப்படும்.

அடுத்தது, படத்துக்குப் பிந்திய நேரம். சிறப்பு விருந்தினர் அரைமணி நேரம் உரையாற்ற, நன்றியுரையோடு நாட்டுப்பண் பாடிக் கலைவது நமக்குப் பழகிய முறை. ரோட்னி காட்டிய முறை வேறு. ஆசிரியர் தரையில் அமர்கிறார், தாம் அறிந்ததைச் சொல்கிறார், பிறகு கேட்கிறார். பறை பற்றிய படமானால் பறையடிப்பவர் பேசவேண்டும். சேரி இடிப்புப் பற்றிய படமானால் வீடிழந்தவர் பேசவேண்டும். தமிழிலக்கியம் படித்தவர்களாகிய நமக்கு இதில் தனிக் கடமை உண்டு. பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் பாடிய மரபு என்று வகுப்பில் பெருமை பேசுகிறோம். அப்பாணர்களின் பசியைச் சங்கப் பாடல்கள் மறைக்கவில்லை. கிழிந்த உடையையும் அடுப்பில் பூத்த காளானையும் சொல்லித்தான் வள்ளலிடம் ஆற்றுப்படுத்துகின்றன. கலைஞனைப் பசியோடும் சினத்தோடும் சேர்த்துப் பார்க்கக் கற்றுத்தந்த இலக்கியம் நம்முடையது. அவனைப் பூமாலை போட்ட சித்திரமாக மட்டும் மாணவர்களிடம் கையளிப்பது அந்த இலக்கியத்துக்கே பொருந்தாது.

மார்லி முகம் பதித்த பனியனை இளைஞர்கள் அணியவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அதை வெட்டியவரும் தைத்தவரும் அச்சிட்டவரும் நம் மக்களாகவே இருக்கக்கூடும். தாம் தைத்த துணியில் சிரிக்கும் அந்த மனிதர் தம்மைப்போன்ற ஒரு சேரியில் வளர்ந்தவர், சுடப்பட்டும் இரண்டாம் நாள் மேடையேறியவர், வாயிலுக்கு வெளியே நின்றவர்களுக்காக மறுநாளும் பாடியவர் என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்த அறிவை வகுப்பறைக்குள் பூட்டிவைத்திருக்கும் உரிமை நமக்கு இல்லை.